மீன்பிடித் தடைக்காலம் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டின் மீன்பிடித் தடைக்காலம் என்பது, ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாள்களில் விசைப்படகுகளும் இழுவலைப் படகுகளும் கடலுக்குச் சென்று மீன்பிடிப்பதை அரசு நிறுத்தி வைக்கும் காலம் ஆகும். கிழக்குக் கடற்கரையில், திருவள்ளூர் மாவட்டம் முதல் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதி வரை, இது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள்கள் நடைமுறையில் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 முடிய 61 நாள்கள் கடைப்பிடிக்கப்படுகின்றது.

மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கு இடைவெளி தருவதே தடையின் அறிவிக்கப்பட்ட நோக்கமாகும். எனினும் எந்த மாதங்களில், எத்தனை நாள்கள், எந்தப் படகுகளுக்கு, எவ்வளவு நிவாரணத்துடன் என்னும் கேள்விகளுக்கு மீனின் உயிரியலைக் கொண்டு மட்டும் விடை காண இயலாது. ஆகவே, சூழலியல் தகவலும் சமூகப் பொருளாதாரத் தகவலும் சேர்ந்து ஒரு மீன்வள முடிவாக உருப்பெறுவதற்கு இத்தடைக்காலம் நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படலாம்.

பின்னணி

தமிழ்நாட்டின் கடற்கரை நெடுங்காலமாக 1076 கி.மீ. நீளம் கொண்டதாகக் குறிக்கப்பட்டு வந்துள்ளது. இக்கரையில் அறுநூறு அளவிலான மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கட்டுமரமும் வள்ளமுமே இங்கு முதன்மையான மீன்பிடிக் கலங்களாக இருந்தன. 1950களுக்குப் பின்னர் அரசின் ஊக்குவிப்புடன் விசைப்படகுகள் அறிமுகமாயின. இறாலுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை கிடைத்ததால் அடிக்கடலை வாரியெடுக்கும் இழுவலை விரைவாகப் பரவியது.

இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடம் கரையை ஒட்டிய ஆழமற்ற கடலாகும். கட்டுமர மீனவர்கள் வலை விரிப்பதும் அதே இடத்தில்தான். விசைப்படகுகள் நாட்டுப்படகுகளின் வலைகளை அறுத்துச் செல்வது வழக்கமாயிற்று. 1970களில் சென்னை உள்ளிட்ட பல இடங்களில் இரு தரப்பினருக்குமிடையே மோதல்கள் ஏற்பட்டன. இந்தியாவில் கடல்மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் தோன்றியதற்கு மீன் குறைந்துவிடும் என்ற அச்சத்தைக் காட்டிலும் இம்மோதல்களே உடனடிக் காரணமாக அமைந்தன எனலாம்.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள ஆட்சிக்குட்பட்ட கடலில் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் உள்ளது. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரையான தனிப்பொருளாதார மண்டலம் நடுவண் அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எனவே தடைக்காலத்தை நடுவண் அரசு தன் மண்டலத்துக்கும், மாநில அரசு தன் மண்டலத்துக்குமாகத் தனித்தனியே அறிவிக்க வேண்டியுள்ளது.

நடுவண் அரசு 1970களின் இறுதியில் ஒரு மாதிரிச் சட்ட வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. அதனைத் தொடர்ந்து கேரளமும் கோவாவும் 1980இலும், தமிழ்நாடு 1983இலும் சட்டம் இயற்றின. தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983 என்பதன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

- கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள பகுதி பாரம்பரியக் கலங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. விசைப்படகுகள் அதற்கு அப்பாலேயே மீன்பிடிக்க வேண்டும்.
- விசைப்படகுகள் பதிவும் உரிமமும் பெற்றிருக்க வேண்டும்.
- குறிப்பிட்ட வலைகளையும் முறைகளையும் பருவத்தையும் தடைசெய்யும் அதிகாரம் அரசுக்கு வழங்கப்பட்டுள்ளது.

பருவகாலத் தடை இந்த மூன்றாம் அதிகாரத்தின் அடிப்படையில் விதிக்கப்படுகின்றது.

காலவரிசை

- 1988: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இழுவலைக்குத் தடை விதிக்கப்பட்டது. இதற்கு முன்னர் பாபு பால், கலாவர் ஆகியோர் தலைமையிலான குழுக்கள் சிக்கலை ஆராய்ந்திருந்தன. பாலகிருஷ்ணன் நாயர் குழுவின் பரிந்துரை தடைக்கு வழிவகுத்தது.
- 1993: ஆட்சிக்குட்பட்ட கடலில் சுருக்குமடி உள்ளிட்ட சில வலைகளுக்குக் கேரளம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பாரம்பரிய மீனவரின் வாழ்வாதாரத்தைக் காப்பது தடைக்கு ஏற்புடைய காரணம் என்பது இத்தீர்ப்பால் உறுதிப்பட்டது.
- 2001: தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் மே 29 முடிய 45 நாள் தடை நடைமுறைக்கு வந்தது.
- 2015: இரு கரைகளுக்கும் 61 நாள்கள் என நடுவண் அரசு சீரான கால அளவை அறிவித்தது.
- 2017: தமிழ்நாட்டில் தடைக்காலம் 61 நாள்களாக உயர்த்தப்பட்டது.
- 2020: கொரோனா ஊரடங்கினால் மார்ச் இறுதியிலேயே மீன்பிடிப்பு நின்றுவிட்டதால், அவ்வாண்டுக்கு மட்டும் தடை 47 நாள்களாகக் குறைக்கப்பட்டது. கிழக்குக் கரையில் மே 31 அன்று தடை முடிவுற்றது.

2020ஆம் ஆண்டின் முடிவு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு மீனின் இனப்பெருக்கக் காலம் மாறிவிடவில்லை. மாறியது மீனவரின் வருமான நிலையாகும். மேலும், ஊரடங்கினால் கடலுக்கு ஏற்கெனவே ஓய்வு கிடைத்திருந்தது. ஆக, ஒரே முடிவில் இருவகைத் தகவல்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

சூழலியல் தகவல்

மீனிருப்பு

ஒரு கடற்பகுதியில் வாழ்ந்து, தமக்குள் இனம் பெருக்கி, ஒரே அலகாகக் கூடவும் குறையவும் செய்யும் ஓரின மீன்களின் தொகுதி மீனிருப்பு எனப்படுகின்றது. புதிய குஞ்சுகளின் வரவும் இருக்கும் மீன்களின் வளர்ச்சியும் இருப்பைக் கூட்டுகின்றன. இயற்கை இறப்பும் மீன்பிடிப்பும் அதனைக் குறைக்கின்றன. வங்கியிலுள்ள முதலும் வட்டியும் இதற்கு உவமையாகக் கூறப்படுவதுண்டு. எனினும் கடலில் வட்டி விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; முதல் எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

தரவு சேகரிப்பு

கடலிலுள்ள மீனை எண்ண முடியாததால், கரைக்கு வரும் மீனைக் கொண்டே இருப்பு மதிப்பிடப்படுகின்றது. இப்பணியை இந்தியாவில் நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்து வருகின்றது. 1947இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் தலைமையகம் முதலில் மண்டபத்தில் இருந்தது. 1971இல் கொச்சிக்கு மாற்றப்பட்டது. சென்னையில் இதன் ஆய்வு மையம் உள்ளது. மீன் இறங்குதளங்களில் சிலவற்றையும், நாள்களில் சிலவற்றையும், அந்நாளில் வந்த படகுகளில் சிலவற்றையும் படிப்படியாகத் தெரிவு செய்து, அவற்றிலிருந்து மொத்தப் பிடிப்பைக் கணிக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு முறையை இந்நிறுவனம் பின்பற்றுகின்றது.

இருப்பு மதிப்பீட்டுக்குப் பொதுவாகப் பின்வரும் தகவல்கள் தேவைப்படுகின்றன:

- ஒவ்வோர் இனத்திலும் பிடிக்கப்பட்ட எடை
- அதற்காகச் செலவிடப்பட்ட முயற்சி, அதாவது படகுகளின் எண்ணிக்கையும் கடலில் வலை இழுத்த மணி நேரமும்
- மீன்களின் நீள அளவு
- சினைப்பையின் முதிர்ச்சி நிலை
- இரைப்பையில் காணப்படும் உணவு

ஒரே அளவு முயற்சிக்குக் கிடைக்கும் மீன் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தால் இருப்பு சுருங்குகின்றது என ஐயுறலாம். பிடிபடும் மீன்களின் சராசரி நீளம் குறைவதும், முதன்முறை முட்டையிடும் அளவை எட்டாத மீன்கள் பெருமளவில் வலையில் வருவதும் மேலும் இரு எச்சரிக்கைக் குறிகளாகும். மொத்தப் பிடிப்பு கூடுவதை மட்டும் கொண்டு கடல் நலமாக உள்ளது என முடிவு செய்தல் தவறாகும். படகுகள் பெருகி, இயந்திரத் திறன் கூடி, தொலைவுக்குச் சென்று பிடிப்பதாலும் மொத்தம் கூடக்கூடும்.

இனப்பெருக்கக் காலம்

குளிர் நாட்டுக் கடல்களில் மீன்கள் பெரும்பாலும் ஆண்டில் ஒரு குறுகிய பருவத்தில் முட்டையிடுகின்றன. வெப்பமண்டலக் கடலில் நிலை வேறு. இங்கு ஓர் இழுவலையில் பல பத்து இனங்கள் ஒருங்கே சிக்குகின்றன. சங்கரா, காரப்பொடி, கிழங்கான், கணவாய், இறால், நண்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் முட்டையிடும் உச்சக்காலம் வேறாகும். பல இனங்கள் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக முட்டையிடுகின்றன. ஆகவே எந்த 61 நாள்களைத் தெரிவு செய்தாலும் சில இனங்களுக்கு அது பொருந்தும். சில இனங்களுக்குப் பொருந்தாது. முதன்மையான வணிக இனங்கள் பலவற்றின் உச்சத்தை உள்ளடக்குவதே நடைமுறையில் செய்யக்கூடியதாகும்.

தடைக்காலத்தால் வேறொரு பயனும் உண்டு. அடிக்கடலைத் தேய்த்துச் செல்லும் இழுவலை நின்றுவிடுவதால் அங்கு வாழும் புழுக்கள், சிப்பிகள், சிறு கணுக்காலிகள் ஆகியவை குலைவின்றி இருக்கின்றன. சிறு மீன்கள் வளர்வதற்கும் சில வாரங்கள் கிடைக்கின்றன. வேகமாக வளரும் இறால் போன்றவற்றுக்குச் சில வாரங்களே எடையிலும் விலையிலும் வேறுபாட்டை ஏற்படுத்தும்.

மத்தி மீனின் எடுத்துக்காட்டு

மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தினால் மட்டும் இருப்பு நிலைபெறும் என்று கூற இயலாமைக்கு மத்தி சிறந்த சான்றாகும். நெய்ச்சாளை எனவும் அழைக்கப்படும் இம்மீன் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகளே வாழ்கின்றது. 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் அது 3,297 டன்னாக வீழ்ந்தது. கேரளத்தில் பருவமழைக்கால இழுவலைத் தடை 1988 முதல் தொடர்ந்து நடைமுறையில் இருந்தும் இவ்வீழ்ச்சி ஏற்பட்டது. எல் நீனோவினால் கடல் வெப்பமும் உணவு வளமும் மாறியமையும், மிகுதியான பிடிப்பும், குஞ்சு மீன்களைப் பிடித்தமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. பின்னர் 2015 முதல் கேரளம் குறைந்தபட்சச் சட்ட அளவுகளை அறிவித்தது. மத்திக்கு அது 10 செ.மீ. ஆகும்.

இதற்கு மாறாக, 1990களிலிருந்து தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மத்தி மிகுதியாகக் கிடைக்கத் தொடங்கியது. மீனிருப்பின் எல்லை மாநில எல்லையைப் பின்பற்றுவதில்லை என்பதும், கடல் வெப்பம் போன்ற சூழலியல் தகவல்களையும் மேலாண்மையில் சேர்க்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

சமூகப் பொருளாதாரத் தகவல்

உச்ச அறுவடையும் உச்ச இலாபமும்

இருப்பு குன்றாமல் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க மிகக் கூடுதலான அளவு பேண்தகு உச்ச அறுவடை எனப்படுகின்றது. 1954இல் கார்டன் என்னும் கனடிய பொருளியலாளரும், அதே காலப்பகுதியில் சேஃபர் என்னும் உயிரியலாளரும் வெளியிட்ட ஆய்வுகள் மீன்வளப் பொருளியலுக்கு அடிப்படையாக அமைந்தன. அவர்களது கருத்தைப் பின்வரும் கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு துறைமுகத்தில் 100 படகுகள் இருப்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டன் மீன் கிடைப்பதாகவும், 150 படகுகள் இருப்பின் 1,100 டன் கிடைப்பதாகவும், 200 படகுகள் இருப்பின் இருப்பு தேய்ந்து மீண்டும் 1,000 டன்னே கிடைப்பதாகவும் கொள்வோம். ஒரு படகின் ஆண்டுச் செலவு 5 டன் மீனின் விலைக்குச் சமம் எனவும் கொள்வோம்.

- 100 படகுகள்: வரவு 1,000, செலவு 500, மிச்சம் 500 டன்னின் மதிப்பு.
- 150 படகுகள்: வரவு 1,100; செலவு 750; மிச்சம் 350.
- 200 படகுகள்: வரவு 1,000, செலவு 1,000, மிச்சம் எதுவுமில்லை.

உயிரியல் நோக்கில் 150 படகுகள் சிறந்த அளவாகும். இலாப நோக்கில் 100 படகுகளே போதும். ஆனால் யாரும் படகு வாங்கிக் கடலுக்குச் செல்லலாம் என்ற நிலையில், இலாபம் முற்றிலும் கரையும் வரை, அதாவது 200 படகுகள் சேரும் வரை, எண்ணிக்கை கூடிக்கொண்டே செல்லும். இந்நிலைக்குப் பேராசை மட்டும் காரணம் அன்று; ஒருவர் விலகி நின்றால் அவர் விட்ட மீனை மற்றவர் பிடித்துக்கொள்வார் என்பதே காரணமாகும்.

இக்கணக்கு வேலைவாய்ப்பைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஒரு படகில் 6 பேர் எனக் கொண்டால், 200 படகுகளை 100 ஆகக் குறைக்கும்போது 600 பேர் வேலை இழப்பர். அவர்களுக்கு வேறு தொழில் உண்டா, கடன் உண்டா, ஊர் எங்கே என்னும் தகவல்கள் இல்லாமல் சரியான படகு எண்ணிக்கை எது எனக் கூற முடியாது. தடைக்காலம் என்பது படகுகளைக் குறைக்காமல் முயற்சியை மட்டும் குறைக்கும் ஒரு நடுவழியாகும். அரசுகள் இதனை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வருமானப் பங்கீடு

தமிழ்நாட்டு விசைப்படகுகளில் தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளம் வழங்கும் வழக்கம் குறைவு. டீசல், ஐஸ், உணவு ஆகிய செலவுகளைக் கழித்துவிட்டு மீதித்தொகையை உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கிடும் முறையே பரவலாக உள்ளது. பங்கின் விகிதம் ஊருக்கு ஊர் வேறுபடும். இம்முறையில் படகு நின்றால் தொழிலாளியின் வருமானமும் அன்றே நின்றுவிடும். உரிமையாளர்கள் தடைக்காலத்தைப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதற்கும், வர்ணம் பூசுவதற்கும், இயந்திரத்தைச் சீர்செய்வதற்கும் பயன்படுத்திக்கொள்கின்றனர். தொழிலாளிக்கு அது வேலையற்ற காலமாக அமைகின்றது.

நிவாரணம்

தடைக்காலத்தில் கடல் மீனவர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு நிவாரணத் தொகை வழங்கி வருகின்றது. ரூ.2,000 ஆக இருந்த இத்தொகை பின்னர் ரூ.5,000 ஆக உயர்த்தப்பட்டது. இதனை ரூ.8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகத்து மாதம் மண்டபத்தில் நடைபெற்ற மீனவர் மாநாட்டில் வெளியிடப்பட்டது. இதைத் தவிர மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டமும் உள்ளது. இதில் மீனவர் செலுத்தும் ரூ.1,500 உடன் அரசுகளின் பங்கான ரூ.3,000 சேர்த்து ரூ.4,500 ஆகத் திருப்பி வழங்கப்படுகின்றது.

ரூ.8,000 என்பதை 61 நாள்களுக்குப் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.131 ஆகின்றது. நிவாரணம் மீனவர் குடும்பத்தை அலகாகக் கொண்டது. ஆனால் ஒரு விசைப்படகைச் சார்ந்து கரையில் பலர் பிழைக்கின்றனர். ஐஸ் உடைப்போர், கூடை சுமப்போர், வலை பின்னுவோர், ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண்கள், மீன் வெட்டித் தருவோர் ஆகியோருக்கும் அக்காலத்தில் வருமானம் குறைகின்றது. எவர் மீனவர் என்னும் வரையறையே இங்குப் பொருளாதார முடிவாகிவிடுகின்றது.

நாட்டுப்படகுகளுக்கு விலக்கு

கட்டுமரம், வள்ளம், வெளிப்பொருத்து இயந்திரம் கொண்ட நாரிழைப் படகுகள் ஆகியன தடைக்காலத்திலும் கரையோரத்தில் மீன்பிடிக்கின்றன. இவ்விலக்குக்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, இவற்றின் வலைகள் அடிக்கடலை வாருவதில்லை. இரண்டாவது, இம்மீனவர்களுக்குத் தொலைக்கடலுக்குச் செல்லும் வசதியும் கையிருப்பும் குறைவு. வரத்து குறைந்த அந்த இரு மாதங்களில் இவர்களது மீனுக்கு நல்ல விலை கிடைக்கின்றது. அவ்வகையில் தடைக்காலம் விசைப்படகுத் துறையிலிருந்து சிறுதொழில் மீனவருக்கு வருமானத்தை ஓரளவு மாற்றித் தருகின்றது எனலாம்.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளும் தடைக்காலமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகள் கடலிலிருந்து உள்ளே அமைந்திருப்பினும் சென்னைக் கடல் மீனின் பெரிய நுகர்வுப் பகுதிகளுள் அடங்குவன. காசிமேட்டிலுள்ள சென்னை மீன்பிடித் துறைமுகத்திலிருந்தும் சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையிலிருந்தும் சில்லறை வணிகர்கள் மீன் எடுத்து வந்து இப்பகுதிகளில் விற்கின்றனர். ஏப்ரல் 15க்குப் பின்னர் வஞ்சிரம், வவ்வால், சங்கரா ஆகியவற்றின் வரத்து சுருங்கி விலை உயர்வதை இங்குள்ளோர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நேரடியாக உணர்கின்றனர்.

தடைக்காலத்தில் இச்சந்தைகளுக்கு மீன் வரும் வழிகள் பின்வருமாறு:

- நாட்டுப்படகுகள் கொண்டு வரும் கரையோர மீன்கள்
- மேற்குக் கரையிலிருந்து ஐஸில் இட்டு வரும் மீன்கள்
- ஆந்திரத்தின் வளர்ப்புக் குளங்களிலிருந்து வரும் கட்லா, ரோகு
- ஏரி, குளங்களில் பிடிக்கப்படும் விரால், கெண்டை, ஜிலேபி

இரு கரைகளின் தடை நாள்கள் வெவ்வேறாக இருப்பது நுகர்வோருக்கு உதவியாக உள்ளது. ஏப்ரல் 15 முதல் மே 31 வரை மேற்குக் கரையின் விசைப்படகுகள் இயங்குகின்றன. ஜூன் 1 முதல் 14 முடிய இரு கரைகளிலும் தடை இருப்பதால் அந்த இரு வாரங்களில் வரத்து மேலும் குறையும் வாய்ப்புள்ளது. ஜூன் 15க்குப் பின்னர் கிழக்குக் கரைப் படகுகள் மீண்டும் கடலுக்குச் செல்கின்றன.

இப்பகுதிகளுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு நுகர்வோடு முடிந்துவிடுவதில்லை. கூவம் ஆறு திருவேற்காடு, மதுரவாயல் வழியாகப் பாய்ந்து சென்னையில் கடலில் கலக்கின்றது. ஆற்று முகத்துவாரங்கள் பல இறால், மடவை போன்ற இனங்களின் குஞ்சுகள் வளரும் இடங்களாகும். அங்குக் கழிவுநீர் மிகுந்து உயிர்வளி குறையுமாயின், 61 நாள்கள் படகுகளை நிறுத்துவதால் கிடைக்கும் பயனின் ஒரு பகுதி கரையிலேயே இழக்கப்படுகின்றது. 2017 சனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதாலும், 2023 திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தின்போதும் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவுகள் இதே வட்டாரத்து மீனவரைப் பாதித்தன. தடைக்காலம் மீனவரின் செயலை மட்டுமே கட்டுப்படுத்துகின்றது. மீனிருப்பைப் பாதிக்கும் ஏனையோரை அது தொடுவதில்லை.

விளைவுகளும் விவாதங்களும்

தடை முடிந்தபின் முதற் சில வாரங்களில் மீன் மிகுதியாகக் கிடைப்பது பொதுவான அனுபவமாகும். ஆயினும் இதனை இருப்பு மீண்டதற்குச் சான்றாக உடனே கொள்ள இயலாது. இரு மாதங்கள் பிடிக்கப்படாமல் சேர்ந்த மீன் ஒரே நேரத்தில் பிடிக்கப்படுவதாலும் அவ்வாறு தோன்றலாம்.

முயற்சி உண்மையில் குறைகின்றதா என்பது மற்றொரு கேள்வியாகும். 61 நாள்கள் என்பது ஆண்டில் ஏறத்தாழ 17 விழுக்காடு. ஆண்டுக்கு 240 நாள்கள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வலை இழுத்த ஒரு படகைக் கற்பனையாகக் கொண்டால், அதன் மொத்த முயற்சி 2,880 மணி நேரம் ஆகும். தடையால் அது 200 நாள்களாகக் குறைந்தாலும், நாளொன்றுக்கு 14.4 மணி நேரம் இழுத்தால் மொத்தம் அதே 2,880 மணி நேரமே ஆகும். பெரிய இயந்திரங்களும் பல நாள் தங்கிப் பிடிக்கும் முறையும் இவ்வீட்டுக்கு வழிசெய்கின்றன. எனவேதான் தடைக்காலத்துடன் படகுகளின் எண்ணிக்கை, இயந்திரத் திறன், வலைக்கண்ணி அளவு ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு தேவை எனப்படுகின்றது.

பிற முதன்மையான கருத்து வேறுபாடுகள்:

- கிழக்குக் கரையில் பெருமழையும் ஆற்று நீர் வரவும் அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் நிகழ்கின்றன. ஆகவே தடையை அப்பருவத்துக்கு மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை உண்டு. அப்பருவத்தில் புயல் எச்சரிக்கைகளால் ஏற்கெனவே பல நாள்கள் தொழில் நின்றுவிடுவதால், மாற்றினால் உண்மை இழப்பு குறையும் என்பர் ஒரு சாரார். இயல்பாகவே பிடிப்பு குறைந்த காலத்தில் தடை விதிப்பதால் மீனுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கிடைக்காது என்பது மறுதரப்பின் வாதமாகும்.
- பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டு விசைப்படகுகள் நிற்கும் இரு மாதங்களில் இலங்கையின் வடபகுதி மீனவர்கள் வலைச்சேதமின்றித் தொழில் செய்ய முடிகின்றது. தடை முடிந்ததும் அச்சிக்கல் மீண்டும் எழுகின்றது.
- நிவாரணத் தொகை இழந்த வருமானத்துக்கு ஈடாகாது என்பது மீனவர் அமைப்புகளின் நெடுநாளைய முறையீடாகும்.

தொடர்புடைய பிற நடவடிக்கைகள்

சுருக்குமடி

கூட்டமாகச் செல்லும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டில் தடை விதித்தது. இவ்வலை வைத்திருப்போருக்கும் பிறருக்கும் இடையே கடலோர மாவட்டங்களில் மோதல்கள் நிகழ்ந்தன. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையொன்றைப் பிறப்பித்தது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இவ்வலையைப் பயன்படுத்த அது நிபந்தனைகளுடன் இசைவளித்தது.

பாக்கு நீரிணை

இங்கு விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்களும் நாட்டுப்படகுகள் நான்கு நாள்களும் கடலுக்குச் செல்லும் முறை உள்ளது. இழுவலையைக் கைவிட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவதற்கான திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. ரூ.80 லட்சம் மதிப்புள்ள படகுக்கு நடுவண் அரசு 50 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் மானியம் வழங்க, 20 விழுக்காடு வங்கிக் கடனாகவும் 10 விழுக்காடு பயனாளியின் பங்காகவும் வகுக்கப்பட்டது. 2,000 இழுவலைப் படகுகளை மாற்றுவது இலக்காக இருந்தபோதிலும், அதில் மிகச் சிறு பகுதியே நிறைவேறியது. ஒருநாள் தொழிலுக்குப் பழகியவர்களுக்கு வாரக்கணக்கில் கடலில் தங்கும் சூரைமீன் தொழிலின் செலவும் திறனும் புதியனவாக இருந்தன. மீனின் நிலையை அறிந்து வகுக்கப்பட்ட திட்டமும் மீனவரின் நிலையைப் போதிய அளவு கணக்கிடாவிடில் தேக்கமுறும் என்பதற்கு இது சான்றாகும்.

பழவேற்காட்டுப் பாடு முறை

அரசு ஆணைகளுக்கு முன்னரே மீனவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்குகளும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரியில் இறால் கிடைக்கும் இடங்கள் பாடு என அழைக்கப்படுகின்றன. உரிமையுள்ள ஊரார் முறை வைத்து, இடங்களையும் நாள்களையும் சுழற்சியில் பகிர்ந்து வலை கட்டுகின்றனர். எங்கு, எப்போது இறால் வரும் என்னும் சூழலியல் அறிவும், எவரும் பட்டினி கிடக்கலாகாது என்னும் பங்கீட்டு நெறியும் இம்முறையில் ஒன்றாக இணைந்துள்ளன. உரிமை பெற்ற சமூகத்தாரைத் தவிரப் பிறர் விலக்கப்படுவது இதன் குறையாகச் சுட்டப்படுகின்றது.

உலகளாவிய ஒப்பீடு

கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் கொட் மீனிருப்பு வீழ்ந்ததால் 1992 சூலையில் அம்மீன்பிடிப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. 30,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். இருப்பை மிகையாக மதிப்பிட்டமை இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. பெரு நாட்டில் 1972இல் நெத்திலி இன மீன்பிடிப்பு சரிந்தபோது மிகைப் பிடிப்பும் எல் நீனோவும் ஒருங்கே காரணங்களாயின. இத்தகைய பட்டறிவுகளின் பின்னர், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 1995இல் பொறுப்புள்ள மீன்பிடிப்புக்கான நடத்தை நெறிகளையும், 2014இல் சிறு அளவிலான மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகளையும் ஏற்றது. ஓரினத்தை மட்டும் நோக்காமல், அதன் இரை, வாழிடம், அதைச் சார்ந்த மக்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து நோக்கும் அணுகுமுறையை இவை வலியுறுத்துகின்றன. அதே அமைப்பு சிறுதொழில் மீனவருக்காக 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அது 2003 முதல் அரசுகளுக்கிடையேயான அமைப்பாகச் செயல்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

- கட்டுமரம்
- காசிமேடு
- பழவேற்காடு ஏரி
- பாக்கு நீரிணை
- மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம்
- மத்தி (மீன்)
- எல் நீனோ